சுடலைமுத்துவோடு பேசுகிறவர்

மார்ச் 2. காலை 08:40. வழக்கமான பதிவு

காலிஸ்டோ தரை நிலையம். பதிவிடுபவர் பெர்சிஸ் ஞானதீபம், பனி ஆய்வாளர். வெளி வெப்பநிலை மைனஸ் 141. உள்ளே 21. காற்றழுத்தம் சரி. அணு மின்னுலை சரி. துளைப்பான் நேற்று பதினொரு மீட்டர் இறங்கியது. மாதிரிகளை உறைபெட்டியில் வைத்தாயிற்று. ஜன்னலில் வியாழன் அதே இடத்தில் நிற்கிறது. இந்த நிலவில் அது உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை.

தாய்க்கலம் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் வந்து போகிறது. அதில் இருப்பது விமானி சுடலைமுத்து. மொத்தப் பயணத்துக்கும் நாங்கள் இரண்டே பேர். நான் கீழே, அவன் மேலே. 21ஆம் தேதி நான் ஏறுகலத்தில் கிளம்பி அவனோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அன்றைக்குத்தான் பூமிக்குத் திரும்பும் பாதை திறக்கிறது. தவறவிட்டால் பதிமூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை தாய்க்கலத்தில் சாப்பாடு கிடையாது.

காலைத் தொடர்பை அவன் ஜெபத்தோடு முடித்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே செய்கிறான்.

"யப்பா, அக்காவுக்கு முட்டு வலி கொறையணும். அந்தத் துளைப்பான் எங்கயும் மாட்டாம எறங்கணும். எம் பாப்பாவுக்குப் பல்லு வலின்னு வீட்டுல சொன்னாவ, அதையும் பாத்துக்கோங்க. ஆமென்."

அவ்வளவுதான். முட்டு வலி, துளைப்பான், பல் வலி. என் அப்பா எலியட்புரம் திருச்சபைச் சேகரத்தில் குருவானவராக இருந்தவர். அவர் ஜெபித்தால் ஆண்டவருக்கு முன்னால் நாலு அடைமொழி வந்து நிற்கும், அப்புறம்தான் விஷயம் வரும். இவனோ பக்கத்து வீட்டில் ஏணி கேட்கிற மாதிரி கேட்கிறான்.

மார்ச் 5. 11:15

துளைப்பான் ஒன்பது மீட்டர். எல்லாம் சரி. முட்டு வலி குறைந்திருக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

இது வேலைப் பதிவு என்பது தெரியும். வேறு யாரிடம் சொல்ல?

சுடலைமுத்து விளாத்திகுளம் பக்கத்து ஆள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி முத்துச்செல்வி பிரசவத்தில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது, ஒரு நர்ஸ் அவன் கையைப் பிடித்து ஜெபித்தாளாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடுத்த மாதமே ஒரு தகரக் கொட்டகைச் சபையில் போய் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் அம்மா வருத்தப்படுவாளாம்.

நான் ஐந்தாம் தலைமுறைக் கிறிஸ்தவள். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வேத வினாடி வினாவில் வருஷா வருஷம் முதல் பரிசு. லெந்து நோன்பு நாற்பது நாளும் கவிச்சி தொட்டதில்லை. இத்தனைக்கும் எனக்கு ஒரு நாள், ஒரு தடவை, ஆண்டவரிடமிருந்து ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்டதில்லை.

இன்று அவன் போகிற போக்கில் சொன்னது இது:

"காலைல ஆண்டவர் எங்கூடப் பேசுனாருக்கா. அந்த மூணாவது வால்வக் கழட்டிப் பாருன்னு ஒரே உறுத்தலு. கழட்டிப் பாத்தா ரப்பர் வெடிச்சுக் கெடக்கு."

வால்வு! ஆண்டவர் அவனிடம் வால்வைப் பற்றிப் பேசுகிறார். எங்கள் கோயிலில் யாராவது எழுந்து "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்றால் அடுத்த வாரம் கமிட்டி கூடிவிடும். அவர்கள் சபையில் சாட்சி நேரத்தில் ஆளாளுக்கு எழுந்து அப்படித்தான் சொல்வார்களாம். ஆண்டவர் பேசினார், மாடு வாங்கச் சொன்னார். ஆண்டவர் பேசினார், மருமகளோடு சமாதானமாகப் போகச் சொன்னார். 

எனக்கு வயிறு எரிகிறது. நேற்று முளைத்த காளானுக்கு இத்தனை செல்லமா? அவர் வாசலிலேயே பிறந்து வாசலிலேயே வளர்ந்தவள் நான். என்னை ஒரு பார்வை பார்க்கக் கூடாதா?

மார்ச் 9. 14:20. அவசரப் பதிவு

தரை உள்வாங்கிவிட்டது. நிலையத்தின் சூடு அடியில் பனியை மெல்ல மெல்ல இளக்கியிருக்கிறது. தெற்குப் பக்கம் ஒன்றரை மீட்டர் உள்ளே போய்விட்டது. மின்னுலை சாய்ந்து குளிர்குழாய் உடைந்தது. மின்சாரம் பாதிக்கும் கீழே. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

மார்ச் 9. 16:05

உடை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தேன். ஏறுகலம் கவிழவில்லை. ஆனால் எரிபொருள் கலன் என் கை நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அத்தனையும் வெளியே போய்ப் பனியில் உறைந்து கிடக்கிறது. கிளம்ப இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

தாய்க்கலம் மேலே வந்ததும் அவன் குரல்:

"யக்கா! யக்கா, இருக்கியா? பேசுக்கா! ...ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். ஒஞ்சத்தம் வரலன்ன ஒடனே ஈரக்கொலையே நடுங்கிட்டு எனக்கு. கவலப்படாத. அவரு விட்டுற மாட்டாரு."

நடுங்கியதாம். குரலில் நடுக்கம் இல்லை. இந்த நிலைமையிலும் நான் அதைத்தான் கவனித்தேன்.

மார்ச் 10. 10:30

பூமியிலிருந்து. கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர் வைஜயந்தி:

"பெர்சிஸ், நீங்க அனுப்பின படமெல்லாம் பார்த்தோம். சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. கலனை ஒட்டினாலும் உள்ள ஊத்த எரிபொருள் இல்ல. பனியிலேர்ந்து தயாரிக்க எட்டு மாசமாவது ஆகும். உங்க மின்சாரமும் காற்றும் ஆறு வாரத்துக்கு மேல தாங்காது. சுடலைமுத்து இருபத்தொண்ணாம் தேதி கிளம்பியாகணும். வேற வழி இருக்கான்னு ராப்பகலா தேடிட்டிருக்கோம். ஆனா உங்களுக்குப் பொய்யா நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரல. மன்னிச்சிடுங்க."

நேர்மையான பெண். நானாக இருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது சரிதான்.

ஆக, இன்றிலிருந்து இந்தப் பதிவு மையத்துக்கு அல்ல. என்றைக்காவது இங்கே வந்து இதைக் கண்டெடுக்கப் போகிறவருக்கு. வணக்கம். கதவருகே படி உடைந்திருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்.

மார்ச் 12. 09:50

உள் வெப்பநிலை 15. கம்பளி உடை. ஒரு அறையைத் தவிர மற்றவற்றை மூடிவிட்டேன்.

ஜெபிக்க உட்கார்ந்தேன். முழங்காலில் நின்றேன், முறைப்படி. மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு எழுத்து பிசகவில்லை. பரிசே கொடுக்கலாம். முடித்ததும் அறையில் காற்றுக்குழாயின் உறுமல் மட்டும் இருந்தது. "நான் சாகப் போகிறேன், ஏதாவது சொல்லும்" என்று தரையில் குத்திக் கத்தினேன். மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

அடுத்த தொடர்பில் அவன்:

"இன்னிக்கு ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம்க்கா, நானும் அவரும். ஒன்னப் பத்தித்தான். மனசுக்குள்ள அப்பிடியொரு சமாதானம்."

பேசிட்டிருந்தோம்! கேட்டீர்களா? சாகக் கிடப்பவள் நான். சமாதானம் அவனுக்கு. அவனுக்கு உயிரும் இருக்கிறது, வீடும் இருக்கிறது, மகளும் இருக்கிறாள், பேச்சுத் துணைக்கு ஆண்டவரும் இருக்கிறார். எனக்கு இதில் ஒன்றாவது இருந்திருக்கலாம். அவன் ஒரே ஒரு முறை பயந்து அழ வேண்டும், அதை நான் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. கேவலமான ஆசை என்று எனக்கே தெரியும், இருந்தும் இருக்கிறது.

மார்ச் 14. 12:10

வீட்டிலிருந்து குரல் பதிவு. அப்பா.

"பெர்சிஸ், அப்பா பேசுதேம்மா. அம்மா பக்கத்துலதான் இருக்கா, அவளால பேச முடியல. ஊர்ல சங்கிலி ஜெபம் நடக்கு. மணிக்கு ஒரு வீடு, நிக்கவே இல்ல. அந்தத் தம்பி சுடலைமுத்து பேசுனத டிவில போட்டாங்க. 'ஆண்டவர் எங்கள விட்டுற மாட்டாரு'ன்னு அந்தப் புள்ள சொன்னப்ப கோயில்ல அழாத ஆளு கெடையாது. என்ன விசுவாசம்! முப்பத்தெட்டு வருஷம் பிரசங்கம் பண்ணுனவன் நான், எனக்கு அந்த விசுவாசம் இல்லம்மா. நீ அந்தத் தம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோ. அவன் ஜெபத்த ஆண்டவர் கேப்பாரு."

என் சொந்த அப்பா! என் ஜெபத்தை ஆண்டவர் கேட்க மாட்டார், அவன் ஜெபத்தைக் கேட்பார் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சாகப் போகிற மகளிடம் இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் புகழ்கிறார். பதிவை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். அம்மா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "சாப்ட்டியா" என்று கேட்டிருந்தாலே போதும்.

உள் வெப்பநிலை 12.

மார்ச் 16. 13:25

இவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது.

"யக்கா, ஆண்டவர் பேசிட்டாரு. தெளிவாப் பேசிட்டாரு. 'அவள அங்க விட்டுட்டு நீ எங்கடா போற?'ன்னு கேக்காரு. நான் சரக்குக்கூண்டுல எறங்கி வாறேன். ரெண்டு பேருமாச் சேந்து மின்னுலைய நிமித்துவோம். பனிய உருக்கி எரிபொருள் எடுப்போம். எட்டு மாசமோ ஒம்போது மாசமோ, அவரு நம்மள நடத்துவாரு. இருபதாம் தேதி எறங்குதேன்."

சரக்குக்கூண்டுக்கு இறங்க மட்டும்தான் தெரியும், ஏறத் தெரியாது. அவன் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். ஆறு வாரக் காற்று மூன்று வாரமாகும். மேலே தாய்க்கலம் ஆளில்லாமல் சுற்றும். ஒருத்தி சாக வேண்டிய இடத்தில் இரண்டு பேர் சாவோம். விளாத்திகுளத்தில் ஒரு ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்பா இருக்க மாட்டான்.

நான் திருப்பி அனுப்பியது:

"ஏல, கோட்டிக்காரப் பயலே! ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மின்னுலைய நிமித்த கிரேன் கொண்டு வாறியா? பேசாம வீட்டுக்குப் போ!"

அவன் சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். "நீ திட்டுனாலும் நான் வருவேங்கா" என்றான்.

மார்ச் 17. 11:40

வைஜயந்தி கட்டளையிட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். முத்துச்செல்வியையே மைக் முன்னால் உட்கார வைத்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே "ஆண்டவர் சொன்னாருன்னா நான் என்னத்தச் சொல்ல" என்றாளாம். பூமியிலிருந்து கலத்தை இயக்கிவிடக் கூடாது என்று அவன் அந்த இணைப்பையே துண்டித்துவிட்டான். ஆண்டவருக்கு மேல் அவனுக்கு மேலதிகாரி இல்லை.

கண்டெடுப்பவரே, உங்களிடம் மறைக்கவில்லை. இன்று காலை ஒரு மணி நேரம் நான் எதுவும் செய்யாமல் இருந்தேன். வரட்டுமே என்று இருந்தேன். பக்கத்தில் ஒரு மனிதக் குரல். ஒரு சூடான கை. அவன் ஜெபிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவனிடம் பேசுகிறவர் தவறிப்போய் என்னிடமும் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

அப்புறம் அவன் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். பிள்ளைக்கு முன்பல் விழுந்திருக்கிறது. பல் வலி என்று இதைத்தான் சொல்லியிருக்கிறான். வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அவன் வரக் கூடாது.

மார்ச் 18. 09:15

எந்த நியாயமும் அவனிடம் செல்லாது. இயற்பியல் செல்லாது, மனைவி கண்ணீர் செல்லாது. ஆண்டவர் சொன்னதை ஆண்டவர்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். அவர் வாய் திறக்கிற மாதிரி தெரியவில்லை.

'ஆண்டவர் சொன்னார்' என்கிற அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். வருஷா வருஷம் கன்வென்ஷன் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும், எப்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எல்லாம் தெரியும். ஆண்டவர் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதற்காக அப்பா தன் கீழ் ஊழியம் செய்த ஓர் உபதேசியாரை வேலையை விட்டே அனுப்பினார். அந்த மனிதர் எங்கள் வாசலில் வந்து அழுதார், அப்பா கதவைத் திறக்கவில்லை. மற்ற எந்தப் பாவத்துக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். தாய்க்கலம் மேலே வர இன்னும் சிறிது நேரம் இருக்கிறது.

மார்ச் 18. 10:05. நான் அனுப்பியது

"தம்பி, குறுக்க பேசாதப்பா, கேளு. காலைல முழங்கால் போட்டிருந்தேன். ஒரு சத்தம் கேட்டுச்சு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. 'பெர்சிஸ்'னு. எங்க அப்பா கூப்பிடுத மாதிரி இல்ல, யாரு மாதிரியும் இல்ல. நான் அப்பிடியே ஒடஞ்சிட்டேன். 'பயப்படாத, நான் இங்க ஒங்கூட இருக்கேன். ஒனக்குத் தொணைக்கு நான் இருக்கும்போது இன்னொரு ஆளு எதுக்கு?'ன்னாரு. 'அவன நான் எறங்கச் சொல்லல. அவன் கேட்டது என் சத்தம் இல்ல, அவனுக்கு ஒம்மேல உள்ள பாசம் பேசுனது. அவன அவன் மககிட்டப் போகச் சொல்லு'ன்னாரு. இதான் தம்பி சொன்னாரு. எனக்குன்னு ஒண்ணும் கூட்டல, கொறைக்கல."

கடைசி வாக்கியத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது. பொய்யில் தேர்ந்தவர்களுக்கு அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

அவன் பதில் சொல்வதற்குள் தாய்க்கலம் மறைந்துவிட்டது.

மார்ச் 18. 12:40. அடுத்த சுற்று

"யக்கா... நெசமாவா?"

"நெசந்தான்."

"அவருதானா? ஒனக்கு நல்லாத் தெரியுமா?"

"அவருதாம்பா. அந்தச் சத்தத்த வேற யாரும் போட முடியாது."

"எம்பேரச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"சுடலைமுத்துன்னேவா?"

"சுடலைமுத்துன்னே சொன்னாரு."

அவன் அழுதான். நான் கேட்க ஆசைப்பட்ட அழுகை. கேட்டுவிட்டேன். ஒரு திருப்தியும் இல்லை.

"அப்பம் சரிக்கா. அவரு சொன்னா சரி. நான் போறேன்."

மார்ச் 21. 15:30

இஞ்சின் எரிந்தது. ஜன்னலில் வியாழனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் பிரகாசமாக இருந்தது, பிறகு மங்கியது. வைஜயந்தியிடமிருந்து ஒரே வரி: "என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது பெர்சிஸ், ஆனா நன்றி."

அவன் போய்விட்டான். நான் கேட்டபடிதான் போனான், இருந்தும் அவன் மேல் ஆத்திரமாக வருகிறது. இன்னும் ஒரு தடவை பிடிவாதம் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் என்னால் மறுத்திருக்க முடியாது. அதனால்தான் அவன் பிடிக்காதது நல்லது.

உள் வெப்பநிலை 7.

மார்ச் 22. 10:20

அவனிடமிருந்து வந்ததை அப்படியே பதிகிறேன்.

"யக்கா, இனி நெனச்சாலும் திரும்ப முடியாது, அதான் இப்பம் சொல்லுதேன். எனக்கு ஒரு நாளும் ஒரு சத்தமும் கேட்டதில்ல. சத்தியமா. எங்க சபைல சாட்சில எல்லாரும் 'ஆண்டவர் பேசுனாரு'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் புதுசு. அப்பிடித்தான் சொல்லணும் போலன்னு நானும் சொல்லிப் பழகிட்டேன். மனசுல ஒண்ணு தோணுச்சுன்னா அவரு சொன்னாருன்னு சொல்லுவேன். ஆனா தனியா இருக்கும்போது அஞ்சு வருஷமா காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கேன், ஒண்ணுமே கெடையாது. நீ அங்க ஒத்தையில கெடக்கியே, நான் தைரியமாப் பேசுனா ஒனக்கும் தைரியமா இருக்கும்னு கூடக் கொஞ்சம் பேசுனேன். எறங்கி வாறேன்னு சொன்னதும் அவரு சொல்லல. நீ சொன்ன மாதிரி எம்பாசந்தான். அத நீ எப்பிடிக் கண்டுபிடிச்சன்னு யோசிச்சேன். அப்பந்தான் ஒறச்சுது, நெசமாவே அவருதான் ஒங்கிட்டச் சொல்லியிருக்காரு.

"ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்காத. நீ சொன்ன ஒடனே எனக்குப் பொறாமையா இருந்துச்சுக்கா. பாஸ்டர் வீட்டுப் பொண்ணு, சின்னதுலருந்தே எல்லாந் தெரிஞ்சவ, ஒங்கிட்டத்தான் பேசுவாரு, நம்மகிட்ட எதுக்குப் பேசப் போறாருன்னு. ஆனா பொறாமைய விட சந்தோசந்தான் பெருசு. அவரு இருக்காருன்னு எனக்கு இப்பந்தான் நிச்சயமாத் தெரியும். இன்னிக்கும் ஏதாச்சும் சொன்னாராக்கா? சொன்னா எனக்கும் சொல்லு."

மார்ச் 22. 10:55

சிரித்தேன். சிரித்து முடித்து, அவன் பேசியதை முதலிலிருந்து மறுபடியும் கேட்டேன்.

இரண்டு பேரும் ஒரே வீட்டு வாசலில் நின்றிருக்கிறோம். உள்ளே கூப்பிட்டது மற்றவரைத்தான் என்று ஆளுக்கொரு பக்கம் வெந்துகொண்டிருந்திருக்கிறோம். யாரையும் கூப்பிடவில்லை.

ஆனால் கவனியுங்கள், கண்டெடுப்பவரே. அவன் ஒன்றும் கேட்காமலேயே ஐந்து வருஷம் ஜெபித்திருக்கிறான். ஒன்றும் கேட்காமலேயே எனக்காக இறங்கி வந்து சாகத் துணிந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அவன் மேல் முன்னைவிட அதிகமாகப் பொறாமையாக இருக்கிறது. சத்தம் கேட்டவன் நம்புவதில் என்ன அதிசயம்? இவன் கேட்காமல் நம்பியிருக்கிறான்.

இப்போது கேட்டுவிட்டதாக நம்புகிறான். என் குரலை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மைக்கைக் கையில் எடுத்தேன். அவன் பூமிக்குப் போய்ச் சேர இரண்டு வருஷம் ஆகும். தனியாக, ஒரு குடுவைக்குள். நான் செத்ததையும் அவன் அங்கேயேதான் கேட்டாக வேண்டும். அவனுக்கு இருக்கிற ஒரே பிடி நான் சொன்ன பொய்.

நான் அனுப்பியது: "சொன்னாருப்பா. காத்து வடிகட்டிய மாத்தச் சொன்னாரு. வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாரு."

மார்ச் 25. 11:30

"யக்கா, வடிகட்டியில தூசி அப்பிக் கெடந்துச்சு! ஸ்தோத்திரம்!" என்று அனுப்பியிருக்கிறான். எந்த வடிகட்டியைக் கழற்றினாலும் தூசி இருக்கும்.

தினம் ஒன்று கேட்கிறான். நான் தினம் ஒன்று அனுப்புகிறேன். நேற்று, பாப்பாவுக்குப் பாட்டுப் பாடிப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். இன்று, அக்காவை நினைத்து அழ வேண்டாம் என்றார். சின்னச் சின்னதாகத்தான் சொல்கிறேன். ஆண்டவர் வால்வைப் பற்றியெல்லாம் பேசுவார் என்று அவனிடம் படித்ததுதான்.

அப்பா, இது உங்கள் காதுக்கு வந்தால் எனக்கும் கதவைத் திறக்க வேண்டாம்.

உள் வெப்பநிலை 2. கால் விரல்களில் உணர்வில்லை. மின்சாரம் கணக்குப் போட்டதைவிட வேகமாக இறங்குகிறது.

மார்ச் 29. நேரம் சரியாகத் தெரியவில்லை, கடிகாரம் நின்று நின்று ஓடுகிறது

உள்ளே மைனஸ் 6. உடையை மாட்டிக்கொண்டே தூங்குகிறேன். இனி ரேடியோவுக்கும் உடைச் சூட்டுக்கும் மட்டும் மின்சாரம். இரண்டில் ஒன்றை அணைத்தால் மற்றது கூடுதல் நாள் ஓடும். உடைச் சூட்டைக் குறைத்துவிட்டேன்.

இன்று அவன் கேட்டது: "அங்க ஒங்கூடயே இருக்காராக்கா? இப்பமும்?"

"இருக்காருப்பா" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், யாராவது இருக்கிறார்களா என்று. என் சொந்தப் பொய்யை நானே நம்பிப் பார்த்தேன். மடிக்கிற கட்டில், தண்ணீர்ப் புட்டி, சுவரில் பனி.

மார்ச் 31

எழுத முடியவில்லை, பேசிப் பதிகிறேன். நாக்கு தடிக்கிறது.

அவன் இன்றும் கேட்டான். என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. யோசித்தால் எதுவும் வரவில்லை. அதனால் கேட்டேன். முழங்காலில் இல்லை, படுத்தபடியே. அடைமொழி இல்லாமல். "எனக்கு வேண்டாம். அவனுக்கு என்ன சொல்ல? அதை மட்டும் சொல்லும்" என்று கேட்டேன்.

காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். கிடக்கிறேன்.

பொறாமை போகவில்லை. சாகும்போது போய்விடும் என்று நினைத்தேன். அவனுக்குப் பொய் சொல்லவாவது ஒருத்தி இருக்கிறாள். எனக்கு அதைச் சொல்ல யாரும் இல்லையே.

இன்னும் பதில் அனுப்பவில்லை. ரேடியோ விளக்கு எரிகிறது. அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.

கண்டெடுப்பவரே. ஐயாவோ, அம்மாவோ. மார்ச் பதினெட்டிலிருந்து உள்ளதை எல்லாம் அழித்துவிடுங்கள். அவன் தேடி வருவான். அவனை எனக்குத் தெரியும், வந்தே தீருவான். என் உடம்பு எங்கே கிடந்தது என்றெல்லாம் கேட்க மாட்டான். "கடேசில அக்காகூடப் பேசுனாரா?" என்றுதான் கேட்பான். நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், அவன் கண்ணைப் பார்த்து...